அண்ணியின் பெயரில் ஒரு ஸ்கேன்

1

வேலை போய் இந்த வாரத்தோடு ஒரு வருடம் ஆகிறது. ஊரிலிருந்து யாராவது கேட்டால், "சொந்தமாகச் செய்கிறேன்" என்று கொஞ்சம் மிடுக்காகச் சொல்லிக்கொள்கிறேன். பொய் இல்லை. ஓஹையோ மாநிலத்தின் ஒரு சின்ன ஊரில், சாப்பாட்டு மேசையின் ஒரு மூலையில், காதில் போனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். தமிழ் மட்டும் தெரிந்த நோயாளிக்கும் தமிழ் தெரியாத டாக்டருக்கும் நடுவில் இருந்து மொழிபெயர்த்துக் கொடுப்பதுதான் வேலை. பேசுகிற நிமிடத்துக்குக் கூலி. அழைப்பு வராத நாளுக்கு ஒன்றும் கிடையாது.

ஆரணிக்காரிக்கு இது புதிதல்ல. என் அப்பா பட்டுத்தறி நெய்தவர். நெய்த சேலைக்குக் கூலி, உடம்புக்கு முடியாமல் படுத்த நாளுக்கு ரசம் சாதம். லீவு, போனஸ், இன்சூரன்ஸ் என்ற சொற்களெல்லாம் எங்கள் வீட்டுக்குள் வந்ததே நான் கம்பெனி வேலைக்குப் போன பிறகுதான். ஆனால் அப்பா பயந்து நான் பார்த்ததில்லை. எனக்கோ இந்த ஒரு வருடத்தில் பயப்படாத நாள் என்று ஒன்று இல்லை.

ஊரில் இருப்பவர்களுக்கு இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். இங்கே இன்சூரன்ஸ் என்பது வேலையோடு ஒட்டி வருவது. வேலை போனால் அதுவும் போய்விடும். அது இல்லாமல் ஆஸ்பத்திரிக்குள் காலை வைத்தால் வெளியே வரும்போது வீடு நம்முடையதாக இருக்குமா என்று தெரியாது. ஆரணி அரசு மருத்துவமனையில் சீட்டு வாங்கிக்கொண்டு வரிசையில் நிற்பது போல இங்கே நிற்க ஓர் இடம் இருப்பதாக எனக்குத் தெரிந்திருக்கவில்லை.

மகள் மாயாவுக்குப் பதினாறு வயது. அவள் அப்பாவும் நானும் பிரிந்து வருடங்கள் ஆகின்றன. ஆனாலும் அவருடைய கம்பெனி இன்சூரன்சில் அவள் பெயர் இருக்கிறது. அவள் வளர்க்கும் பூனைக்கும் அவர் ஒரு பாலிசி போட்டிருக்கிறார். வீட்டில் பாதுகாப்பு எதுவும் இல்லாத ஒரே ஜீவன் நான்தான்.

2

வேலை போனவர்களுக்கு இங்கே அறுபது நாள் தருகிறார்கள். அதற்குள் அரசாங்கம் நடத்தும் இணையதளத்துக்குப் போய் நாமே ஓர் இன்சூரன்ஸ் வாங்கிக்கொள்ளலாம். தாண்டினால் கதவைச் சாத்திவிடுவார்கள். பிறகு நவம்பரில்தான் திறப்பார்கள், வாங்கியது ஜனவரியில்தான் நடப்புக்கு வரும்.

எல்லாம் தெரியும். விலையையும் பார்த்தேன், வீட்டு வாடகையில் பாதி இருந்தது. அடுத்த மாதம் வேறு வேலை கிடைத்துவிடும், அதுவரை நல்லா இருக்கிற உடம்புக்கு எதற்குத் தண்டம் என்று நினைத்தேன். இருபது வருடம் கம்பெனியில் குப்பை கொட்டியவளுக்கு இந்தத் திமிர் கொஞ்சம் இருக்கத்தான் செய்யும். அறுபது நாள் போனதே தெரியவில்லை.

ஏப்ரலில் ஒரு நாள் குளிக்கும்போது இடது மார்பில் ஒரு கட்டி கையில் தட்டுப்பட்டது. கதவு சாத்தி இரண்டு வாரம் ஆகியிருந்தது.

தண்ணீரை நிறுத்திவிட்டு அப்படியே நின்றேன். குளிர ஆரம்பித்த பிறகும் நின்றேன். செத்துப்போவேனோ என்பது இரண்டாவதாகத்தான் தோன்றியது. முதலில் தோன்றியது, இதை யாரிடமும் சொல்லிவிடக் கூடாது என்பதுதான்.

கணினியில் 'குறைந்த விலை இன்சூரன்ஸ்' என்று தேடியதுதான் தாமதம், போன் ஓயவில்லை. அதில் ஒருவன் தேன் ஒழுகப் பேசினான். மாதத்துக்கு ஹோட்டலில் இரண்டு வேளை சாப்பிடுகிற காசுதான், நாளையே ஆரம்பித்துவிடலாம் என்றான். நானும் மயங்கித் தலையாட்டிக்கொண்டே வந்தேன். கடைசியில் குரலை மாற்றிக்கொண்டு, இந்தப் பேச்சு பதிவாகிறது என்று அறிவித்துவிட்டு, "கடந்த ஐந்து வருடத்தில் உங்களுக்கு ஏதாவது நோய், கட்டி, சந்தேகத்துக்குரிய அறிகுறி உண்டா?" என்று வாசித்தான்.

போனை வைத்துவிட்டேன். இங்கேயும் அதே கதைதான் என்று எனக்கு உறுதியாகிவிட்டது.

3

அதே கதை என்றால் அப்பாவின் கதை.

சில வருடங்களுக்கு முன் நான் லீவில் ஆரணிக்குப் போயிருந்தபோது, அப்பாவுக்குக் காலில் வந்த புண் ஆறாமல், வேலூரில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். அண்ணன் டீ வாங்கப் போயிருந்தார். இளம் டாக்டர் ஒருவர் கையில் பைலோடு வந்து, "ஐயாவுக்கு சுகர் எத்தன வருஷமா இருக்குதுங்க?" என்று கேட்டார்.

"பத்து வருஷத்துக்கு மேல இருக்கும் டாக்டர்" என்றேன். அதோடு நிறுத்தினேனா? என்னென்ன மாத்திரை, எந்த வருடம் எது மாற்றினார்கள் என்று ஆங்கிலத்தில் ஒப்பித்தேன். அவர் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டார். நன்றாகப் படித்த மகள் என்று அவர் நினைத்திருப்பார். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

அண்ணன் அப்பாவுக்கு இன்சூரன்ஸ் போட்டு இரண்டு வருடம்தான் ஆகியிருந்தது. ஏஜென்ட் சொன்னபடி சுகர் இல்லை என்று எழுதியிருந்தார்கள். டாக்டர் எழுதிய பத்து வருடத்தைப் பார்த்துவிட்டு இன்சூரன்ஸ் கம்பெனியிலிருந்து ஓர் ஆள் ஆரணிக்கே வந்தார். எங்கள் தெருமுனை மருந்துக் கடையில் விசாரித்தார், பக்கத்து வீட்டில் தண்ணீர் வாங்கிக் குடித்துக்கொண்டே விசாரித்தார். பணம் வரவில்லை. அண்ணன் ஒரு பவர்லூமை விற்று ஆஸ்பத்திரி பில்லைக் கட்டினார்.

என்னைத் திட்டியிருந்தால் தேவலை. "நீ இன்னா பண்ணுவ. படிச்சவ. கேட்டதுக்குக் கரெக்டா பதில் சொல்லிட்ட" என்றார். அது இன்றுவரை எனக்குச் செரிக்கவில்லை. அப்பா அடுத்த வருடம் வேறு காரணத்தில் போய்விட்டார்.

அதற்குப் பிறகு எங்கள் தெருவில் ஒரு வழக்கம் வந்துவிட்டது. எந்த டாக்டர் எதைக் கேட்டாலும் "ரெண்டு நாளாதாங்க". வருடக்கணக்காக மூச்சு வாங்குகிறவருக்கும் "நேத்துலேருந்துதாங்க". இன்சூரன்ஸ் இல்லாதவர்கள்கூட அப்படித்தான் சொல்கிறார்கள், எதற்கும் இருக்கட்டும் என்று. ஒன்பது மாத வயிற்றைத் தவிர மற்ற எல்லாமே எங்கள் தெருவில் நேற்று ஆரம்பித்தவைதான்.

4

ஜூனில் அப்பாவின் திதிக்கு ஊருக்குப் போனேன். உண்மையில் திதி ஒரு சாக்கு. வந்த மறுநாள் அண்ணியிடம் மட்டும் சொன்னேன்.

அண்ணி கலைச்செல்வி என்னைவிட ஒரு வயது சின்னவர். ஆனாலும் அண்ணி அண்ணிதான். அண்ணனின் தறிச் சேலைகளைப் போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் விற்பது அவர்தான். எங்கெங்கோ இருந்தெல்லாம் அவருக்குப் போன் வந்துகொண்டே இருக்கும். அன்று போனைப் பக்கத்து அறையில் வைத்துவிட்டு வந்து, கதவைச் சாத்தி, அவரே கையை வைத்துப் பார்த்தார்.

"வலிக்குதா?"

"இல்ல அண்ணி."

"வலிச்சா தேவலியே" என்றார். பிறகு என் ரவிக்கைக் கொக்கிகளை ஒவ்வொன்றாக அவரே போட்டுவிட்டார். அன்று இரவே அண்ணனுக்கும் தெரிந்துவிட்டது.

ஆரணியில் எடுத்தால் தெரிந்தவர்கள் யாராவது பார்ப்பார்கள் என்று மறுநாள் மூவரும் வேலூரில் ஒரு ஸ்கேன் சென்டருக்குப் போனோம். வழியிலேயே அண்ணனிடம் சொல்லிவிட்டேன். "என் பேர்ல எதுவும் வேணாம்ணா. பேப்பர்ல என் பேர் வந்துட்டா அப்பறம் அங்க எவனும் எனக்கு இன்சூரன்ஸ் குடுக்கமாட்டான்."

கவுன்ட்டரில் இருந்த பெண் முதலில் கேட்டது பெயரை அல்ல, போன் நம்பரை. ரிப்போர்ட்டை வாட்ஸ்அப்பில் அனுப்புவார்களாம். என்னிடம் இருந்தது அமெரிக்க நம்பர். அண்ணன் பழக்கத்தில் அண்ணியின் நம்பரைச் சொன்னார். அண்ணி எப்போதோ வயிற்றுவலிக்கு அங்கே ஸ்கேன் எடுத்திருக்கிறார் போலிருக்கிறது. நம்பரைத் தட்டியதும் பெயர் வந்து நின்றது.

"கலைச்செல்வி, ஆரணி. அவங்கதானே?" என்றாள் அந்தப் பெண்.

அண்ணன் என்னைப் பார்த்தார். நான் அண்ணியைப் பார்த்தேன். அண்ணி தலையாட்டினார். "ஆமாம்மா" என்றார் அண்ணன்.

அவ்வளவுதான் நடந்தது. ஏதோ பெரிய மோசடி செய்தது போல அப்போது தோன்றவே இல்லை. தேடாமலேயே ஒரு வழி கிடைத்ததே என்று மூவருக்கும் நிம்மதிதான்.

உள்ளேயிருந்து "கலைச்செல்வி" என்று கூப்பிட்டபோது அண்ணி எழுந்துவிட்டார். நானும் எழுந்தேன். பிறகு அவர் சேலையைச் சரிசெய்வது போலச் செய்துவிட்டு உட்கார்ந்துகொண்டார்.

ரிப்போர்ட்டில், சந்தேகத்துக்குரியது, சதையைக் கொஞ்சம் எடுத்துப் பரிசோதிக்க வேண்டும் என்று இருந்தது. தலைப்பில் திருமதி கலைச்செல்வி. திரும்பி வரும்போது வண்டியில் அண்ணி அதை வாங்கிப் பார்த்தார். "இங்கிலீஷ்ல என் பேரு நல்லாதான் இருக்குது" என்று சிரித்தார். கொஞ்ச தூரம் போனதும் பேப்பரைக் கவிழ்த்து மடியில் வைத்துக்கொண்டார்.

வீட்டுக்கு வந்ததும் அண்ணன் பிடிவாதமாக நின்றார். "இங்கயே பாத்துடலாம் மகேசு. நாளைக்கே சேர்ந்துடு. துட்டப் பத்தி நீ பேசாத."

சேர்வதென்றால் ஆதார் கேட்பார்கள், என் சொந்தப் பெயர் வேண்டும். பெயர் வந்துவிட்டால் ஆயுசுக்கும் அங்கே கதவு திறக்காது. ஓர் ஆபரேஷனோடு முடிகிற விஷயமா இது? வருடக்கணக்காக மருந்து என்றால்? மாயாவை அங்கே வைத்துவிட்டு நான் எத்தனை நாள் ஆரணியில் கிடப்பது?

"அமெரிக்காகாரன் வேலூருக்கு வந்து விசாரிக்கப் போறானா?" என்றார் அண்ணன்.

"அப்பாவுக்கு நம்ம தெரு மருந்துக் கடைக்கே வந்தாங்களே."

நான் என் வாயாலேயே அவர் வாயை அடைத்தேன். பேப்பரை அண்ணியிடம் விட்டுவிட்டு, போனில் ஒரு படம் மட்டும் எடுத்துக்கொண்டு விமானம் ஏறினேன்.

5

ஆகஸ்டில் அண்ணன் ஒரு படிவத்தைப் படம் பிடித்து அனுப்பினார். அவருக்கும் அண்ணிக்கும் சேர்த்துப் புதிதாக ஓர் இன்சூரன்ஸ் போடுகிறார். அப்பா விஷயத்தில் சூடுபட்டதால் இந்த முறை ஏஜென்டை நம்பவில்லை. "நீ ஒவ்வொண்ணா படிச்சி அர்த்தம் சொல்லு, நான் உண்மைய எழுதறேன்" என்றார்.

என் தொழிலே அதுதானே. வாசித்து வாசித்துச் சொன்னேன். சுகர், இல்லை. பிரஷர், இல்லை. உடம்பில் எங்கேனும் கட்டி அல்லது வீக்கம் என்று வந்தபோது அண்ணன் தயங்கினார்.

"இவ பேர்ல அந்த வேலூர் பேப்பரு ஒண்ணு இருக்குதே மகேசு."

"அது என்னுதுதானேண்ணா. அண்ணிக்கு ஒண்ணும் இல்லியே. இல்லன்னு போடு."

போட்டார். அது உண்மையும்கூட.

அந்த மாதங்களில் நான் எத்தனை பேருக்கு மொழிபெயர்த்தேன் என்று தெரியாது. இந்த வேலையில் நோயாளி பேசுவதை 'நான்' என்றுதான் சொல்ல வேண்டும். அவருக்கு நெஞ்சு வலிக்கிறதாம் என்று சொல்லக் கூடாது, எனக்கு நெஞ்சு வலிக்கிறது என்றே சொல்ல வேண்டும். கூட்டவோ குறைக்கவோ கூடாது. மகன் வீட்டுக்கு வந்திருக்கிற அம்மாக்கள், டாக்டர் கேட்டதும், "ரெண்டு நாளாதாங்க" என்பார்கள். குரலிலேயே தெரியும், இரண்டு வருடம் என்று. நான் இரண்டு நாட்களாக என்று ஆங்கிலத்தில் சொல்வேன். சொல்லிவிட்டு, கை தானாக மார்புக்குப் போகும். கட்டி அங்கேயே இருக்கும். பெரிதாகிவிட்டதா, இல்லை என் விரல்தான் அப்படி நினைக்கிறதா என்று தெரியாது. அடுத்த அழைப்பு வந்துவிடும்.

6

நவம்பரில் கதவு திறந்தது. எங்கள் ஊர் நூலகத்தில் சனிக்கிழமைகளில் இன்சூரன்ஸ் படிவம் நிரப்ப உதவி செய்ய ஓர் அம்மாள் உட்கார்ந்திருப்பார். மாயாவையும் அழைத்துக்கொண்டு போனேன். அவள்தான் என்னைவிட வேகமாகக் கணினியில் தட்டுவாள்.

இந்தத் திட்டங்களுக்கு வெண்கலம், வெள்ளி, தங்கம் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். வெண்கலத்தில் மாதாமாதம் கட்டுவது குறைவு, ஆனால் நோய் வந்தால் பெரிய தொகை ஒன்று நம் கையை விட்டுப் போன பிறகுதான் அவர்கள் கொடுக்க ஆரம்பிப்பார்கள். தங்கத்தில் எல்லாம் உண்டு, கட்டத்தான் முடியாது. அண்ணனுக்கு எழுதினேன். ஜரிகைச் சேலை நெய்கிறவருக்கு இதை விளக்கவே வேண்டியதில்லை. "வெண்கலம்னா நம்ம இமிடேஷன் ஜரி. பாக்கறதுக்குப் பளபளன்னு இருக்கும், தண்ணி படாம பாத்துக்கணும்" என்று பதில் வந்தது. அரசாங்க உதவி போக மீதியைப் பார்த்து, நானும் இமிடேஷனைத்தான் எடுத்தேன்.

அந்த அம்மாள் கேள்விகளைக் கேட்டார். வயது என்ன, எந்த ஊர், வருமானம் எவ்வளவு இருக்கும், புகை பிடிப்பீர்களா. மாயா தட்டிக்கொண்டே வந்தாள். நான் அடுத்த கேள்விக்காக முதுகை நிமிர்த்திக்கொண்டு காத்திருந்தேன். ஏழு மாதமாக மனப்பாடம் செய்து வைத்திருந்த 'இல்லை' தொண்டையில் தயாராக இருந்தது.

"முடிந்தது. ஜனவரியிலிருந்து நடப்புக்கு வரும்" என்றார் அந்த அம்மாள்.

"உடம்பைப் பற்றிக் கேட்கவில்லையே?"

"கேட்க மாட்டோம்."

"நோய் ஏதாவது இருந்தால்?"

"இருந்தாலும் தர வேண்டும். நோய் இருக்கிறது என்று மறுக்கவோ விலையை ஏற்றவோ கூடாது. சட்டம் வந்து எவ்வளவோ வருடம் ஆகிறது. உங்களிடம் யாராவது கேட்டார்களா?"

தேன் ஒழுகப் பேசியவனைப் பற்றிச் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றி வைத்தார். "அவர்கள் விற்பது வேறு. அதை நான் இன்சூரன்ஸ் என்றே சொல்ல மாட்டேன்" என்றார்.

அதற்கு மேல் என்னால் முடியவில்லை. மாயா பக்கத்தில் இருக்கிறாள் என்பதும் மறந்துவிட்டது. ஏப்ரலிலிருந்து நடந்ததெல்லாவற்றையும் அந்த முன்பின் தெரியாத அம்மாளிடம் கொட்டிவிட்டேன். அவர் ஒரு காகிதத்தில் முகவரி எழுதினார். வருமானத்துக்குத் தகுந்தபடி காசு வாங்கும் ஒரு கிளினிக், என் வீட்டிலிருந்து நடக்கிற தூரத்தில் இருக்கிறது. "ஜனவரி வரைகூட இருக்க வேண்டாம். நீங்கள் ஏப்ரலிலேயே அங்கே போயிருக்கலாம்" என்றார். குறையாகச் சொல்லவில்லை. ஆனாலும் அந்த வாக்கியம் அப்பாவின் பில்லைவிடக் கனமாக இருந்தது.

காரில் பெல்ட்டைப் போட்டதுமே மாயா கேட்டாள். அவள் தமிழில் அமெரிக்க உச்சரிப்பும் என்னிடமிருந்து ஒட்டிக்கொண்ட ஆரணிப் பேச்சும் கலந்திருக்கும்.

"ஏன் எங்கிட்ட சொல்லலம்மா?"

"நீ பயந்துடுவேன்னுதான்."

"நான் பயந்துகினுதான் இருந்தேன். நீ பாத்ரூம்ல போய் ஒரு மணி நேரம் வரமாட்ட. அழறியான்னு கதவுகிட்ட நின்னுகினு இருப்பேன். எனக்குத் தெரியாதுன்னு நெனச்சியா?"

நான் சாலையைப் பார்த்தபடி ஓட்டினேன். என்னைவிட்டு விலகிப் போகிறாள், வீட்டில் என்ன நடக்கிறதென்றே தெரியாமல் போனோடு கிடக்கிறாள் என்று அண்ணியிடம் நான் புலம்பாத வாரம் இல்லை. கதவுக்கு அந்தப் பக்கம் நின்றிருக்கிறாள்.

7

கிளினிக்கில் இருந்த பெண் டாக்டரிடம் போனிலிருந்த படத்தைக் காட்டினேன்.

"இந்தப் பெயர்?"

"என் அண்ணன் மனைவி."

"அவருக்கும் கட்டியா?"

"இல்லை. கட்டி என்னுடையது. பெயர் மட்டும் அவருடையது."

அவர் என்னையும் படத்தையும் மாறி மாறிப் பார்த்தார். ஒவ்வொரு நாளும் இரண்டு மொழிகளுக்கு நடுவில் நின்று பிழைப்பவளுக்கு, இதை விளக்க எந்த மொழியிலும் வார்த்தை கிடைக்கவில்லை. இதை வைத்துக்கொண்டு என்னால் எதுவும் செய்ய முடியாது என்று போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். எல்லாவற்றையும் முதலிலிருந்து ஆரம்பித்தார்கள், இந்த முறை என் பெயரில்.

டிசம்பரில் ஊசி போட்டுச் சதை எடுத்தார்கள். விடுமுறைக் காலம் என்பதால் முடிவு வரத் தாமதமானது. அந்த நாட்களைப் பற்றி எழுத என்னால் முடியாது. மாயா என் அறையில் தரையில் படுத்துக்கொண்டாள்.

போன வெள்ளிக்கிழமை டாக்டரே போனில் பேசினார். புற்றுநோய் இல்லை. ஆறு மாதத்துக்கு ஒரு முறை பார்த்துக்கொண்டால் போதும். இரண்டு தடவை திருப்பிச் சொல்லச் சொன்னேன். பிறகு சமையலறைத் தரையில் உட்கார்ந்து சத்தம் போட்டு அழுதேன். மாயாவும் உட்கார்ந்தாள்.

8

ஞாயிற்றுக்கிழமை காலை, ஆரணியில் சாயங்காலம், அண்ணனுக்குப் போன் செய்தேன். அவர் ஒரு நிமிடம் பேசினார், குரல் உடைந்ததும் போனை அண்ணியிடம் கொடுத்துவிட்டு வெளியே போய்விட்டார்.

"சாமி காப்பாத்திடுச்சி" என்றார் அண்ணி. "பொங்கலுக்கு நல்ல சேதி சொன்ன. உங்க அண்ணன் இத்தன மாசமா சரியா சாப்புடல, தெரியுமா?"

மாயா எப்படி இருக்கிறாள், பனி கொட்டுகிறதா என்றெல்லாம் கேட்டார். நானும் வாய் ஓயாமல் பேசினேன். ஒன்பது மாதத்துக்குப் பிறகு சிரித்துப் பேசினேன். அண்ணி நடுவில், "மகேசு, ஒண்ணு கேக்கணும். உங்க அண்ணன் வெளிய போயிட்டாரு, அதான்" என்றார்.

"கேளுங்க அண்ணி."

"அந்தப் பேப்பர்ல என் பேரப் பாத்தன் பாரு, அன்னிலேருந்து குளிக்கறப்பலாம் தடவித் தடவிப் பாத்துகினே இருக்கேன். சும்மா, ஒரு பயந்தான். இப்ப ஒண்ணு தட்டுப்படற மாதிரி இருக்குது."

போனைக் காதோடு அழுத்திக்கொண்டேன். "டாக்டர்கிட்ட போனீங்களா?"

"எப்பிடி போறது சொல்லு. எங்க எடுத்தாலும் பழைய ஸ்கேன் இருக்குதான்னு கேப்பாங்க. அந்த சென்டருக்குப் போனா நம்பரத் தட்டினதும் உன் பேப்பர் வரும், என் பேர்ல. பேப்பரு ஜூன்ல. பாலிசி போட்டது ஆகஸ்ட்ல. கட்டியே இல்லன்னு எழுதி, கையெழுத்தும் போட்டுக் குடுத்திருக்கறோம். கம்பெனிக்காரன் வந்தான்னா விடுவானா? அப்பாவுக்கு வித்தது ஒரு தறி. எனக்கு இன்னாத்த விப்பாரு?"

கோபமாகச் சொல்லவில்லை. சேலை விலை சொல்வது போல நிதானமாகச் சொன்னார். நிறைய நாள் யோசித்து வைத்திருந்த பேச்சு அது. "நீ படிச்சவ. நீயே சொல்லு, நான் யார் பேர்ல போய் எடுக்கட்டும்?" என்றார்.

"உங்க பேர்லதான் அண்ணி. நாளைக்கே போங்க. அந்தப் பேப்பர் என்னுதுன்னு நான் எழுதிக் கையெழுத்து போட்டு அனுப்பறேன், என் பாஸ்போர்ட், இங்க எடுத்த ரிப்போர்ட் எல்லாத்தையும் சேர்த்து. வழக்கு போட்டா என் மேல போடட்டும். ஆனா நீங்க போங்க. எத்தன நாளான்னு டாக்டர் கேட்டா உள்ளத உள்ளபடி சொல்லுங்க. எத்தன நாளா இருக்குது?"

"பத்து நாளா" என்றார்.

"பத்து நாள்தானே, ஒண்ணும் ஆகாது அண்ணி. எவ்ளோ சீக்கிரம் கண்டுபுடிச்சிட்டீங்க பாருங்க. பத்து நாளுன்னே டாக்டர்கிட்ட சொல்லுங்க."

அந்தப் பக்கம் அண்ணி எழுந்து கதவைச் சாத்துவது கேட்டது, தறிச் சத்தம் அடங்கியது.

"பத்து நாள் இல்ல மகேசு" என்றார் அண்ணி. "தீவாளிக்கு முன்னாடிலேருந்து."